யார் எதைத் திருத்தலாம்? பணியாளர் சுயசேவை விவரப் பட்டியல் மென்பொருளை நிறுவிச் சோதித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரை அடுத்து இயங்கும் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று. ஓசூரில் இரண்டாவது ஆலை, சென்னையிலும் மதுரையிலும் விற்பனை அலுவலகங்கள். கணினியில் லாகின் வைத்திருப்பவர்கள் ஆயிரத்தைத் தாண்டுவார்கள். பயனர் கணக்குகளையும் விவரங்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பான ஆக்டிவ் டைரக்டரியில் அத்தனை பேருக்கும் கணக்கு உண்டு. ஆனால் யாருடைய தொலைபேசி எண்ணையாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒருவரும் அங்கே தேடுவதில்லை. வரவேற்பறையில் தொலைபேசி ஆபரேட்டராக இருக்கும் அம்மையார் பராமரித்துவந்த எக்செல் கோப்புதான் நிறுவனத்தின் உண்மையான விவரப் பட்டியல். அதை அச்செடுத்து வாயிற்காவலர் அறையிலும் ஆலைக்குள் முக்கிய இடங்களிலும் ஒட்டியிருப்பார்கள்.

ஓசூர் ஆலையில் ஓர் இரவுப் பணியின்போது கம்ப்ரஸர் நின்றுபோனது. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்துப் பராமரிப்புப் பொறியாளரை அழைத்தார்கள். எடுத்தவர் கோவையில் கொள்முதல் பிரிவில் இருப்பவர். நிறுவனம் கொடுக்கும் சி.யு.ஜி. (உள்வட்ட அழைப்புக்கான) சிம் பதவியோடு போகும், ஆளோடு போகாது. பொறியாளர் வேறு பொறுப்புக்கு மாறியபோது சிம்மைத் திருப்பிக் கொடுத்தார், அது வேறொருவர் கைக்குப் போய்விட்டது. பட்டியலுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. இழப்பு பெரிதல்ல, சில மணி நேர உற்பத்திதான். ஆனாலும் மறுநாள் கூட்டத்தில் தொழிற்சாலை மேலாளர், பணியாளர்களே தங்கள் விவரங்களைத் திருத்திக்கொள்ள வழிசெய்ய வேண்டும் என்று கேட்டார். நிறுவனத்துக்கு நெட்வொர்க் பராமரித்துத் தரும் எங்கள் குழுவிடம் அந்தப் பணி வந்தது.

தேர்ந்தெடுத்த மென்பொருள் பரவலான வகையைச் சேர்ந்ததுதான். விண்டோஸ் சர்வரில் ஐ.ஐ.எஸ். என்ற இணைய சர்வர் மென்பொருள் மீது ஓடும் ஓர் இணையதளம். பணியாளர் உலாவியில் திறந்து தன் எண், இருக்கை, படம் ஆகியவற்றை மாற்றலாம். சில புலங்களை (விவரக் கட்டங்களை) நேரடியாக, சிலவற்றை மேலாளர் ஒப்புதலோடு. மாற்றம் ஆக்டிவ் டைரக்டரியிலேயே எழுதப்படும். மற்றவர்கள் அதே தளத்தில் தேடிப் பார்ப்பார்கள்.

சோதனைக் களம்

உண்மையான டொமைனில், அதாவது ஒரே டைரக்டரி ஆளும் நிறுவனக் கணினிகள், கணக்குகளின் தொகுப்பில், முதல் நாளே கைவைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். நிறுவன நெட்வொர்க்கிலிருந்து துண்டித்த மெய்நிகர் கணினிகளில் புதிய டொமைன் ஒன்றை அமைத்து, டைரக்டரியின் நகலை வைத்திருக்கும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்கள் இரண்டை இரண்டு ‘சைட்’களாக (இடங்களாக) பிரித்து வைத்தோம். ஒன்று கோவை, மற்றது ஓசூர் என்ற பாவனையில். பணியாளர் பெயர்களையும் துறைகளையும் ஏற்றுமதி செய்து அதில் ஏற்றினோம். கைபேசி எண்களுக்குப் பதில் பொய்யான எண்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மனிதவளப் பிரிவு அதை வலியுறுத்தியது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யத்தக்கதே.

நிறுவும் வேலை அரை நாளில் முடிந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை, ஒரே ஒரு வரியைத் தவிர. மென்பொருளின் நிறுவல் வழிகாட்டி, அதன் சேவைக் கணக்கை (மென்பொருள் தான் இயங்கப் பயன்படுத்தும் கணக்கை) டொமைன் அட்மின்ஸ் குழுவில் சேர்த்துவிட்டால் எளிது என்று பரிந்துரைத்தது. எளிதுதான். பணியாளர்கள் எல்லோரும் திறக்கும் ஓர் இணையதளத்தின் பின்னால் டொமைன் முழுவதையும் ஆளும் கணக்கை வைப்பது, அந்தத் தளத்தில் ஒரு ஓட்டை விழுந்தால் நிறுவனத்தின் அத்தனை கணினிகளையும் பறிகொடுப்பதற்குச் சமம். அதை மறுத்தோம். கடவுச்சொல்லைத் தானே அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் குழுச் சேவைக் கணக்கு ஒன்றை உருவாக்கி, பணியாளர் கணக்குகள் இருக்கும் ஓ.யு.வில் (டைரக்டரிக்குள் கணக்குகளைத் தொகுத்து வைக்கும் பிரிவில்) குறிப்பிட்ட சில புலங்களை மட்டும் எழுதும் உரிமையை அதற்கு ஒப்படைத்தோம்.

பயனரின் சொந்த அடையாளத்திலேயே டைரக்டரியில் எழுதவைக்கலாமே என்ற கேள்வியும் வந்தது. அப்படிச் செய்தால் தணிக்கைப் பதிவில் மாற்றியவரின் பெயரே விழும். ஆனால் இணைய சர்வர் பயனருக்காக டொமைன் கன்ட்ரோலரிடம் பேச கெர்பரோஸ் டெலிகேஷன், அதாவது பயனரின் அடையாளத்தை சர்வர் பயன்படுத்தும் அனுமதி, வேண்டும். துறை, பதவி போன்ற புலங்களை எழுதும் உரிமையைப் பணியாளர்களுக்கே நேரடியாகக் கொடுக்கவும் வேண்டும். இரண்டாவதற்கு யாரும் உடன்படவில்லை. சேவைக் கணக்கு என்றே முடிவானது. அதன் விலை, டைரக்டரி மாற்றங்களைக் குறிக்கும் டொமைன் கன்ட்ரோலரின் 5136 நிகழ்வுப் பதிவில் எந்த மாற்றத்துக்கும் சேவைக் கணக்கின் பெயர்தான் தெரியும். உண்மையில் யார் மாற்றினார் என்பது மென்பொருளின் சொந்தப் பதிவில் மட்டுமே இருக்கும். ஆகவே அந்தப் பதிவை உடனுக்குடன் வேறொரு சர்வருக்கு அனுப்பும்படி அமைத்தோம்.

சோதனையில் கண்டவை

சின்னத் தொல்லைகள் முதலில். தளத்தை நினைவில் நிற்கும் ஒரு பெயரில் திறந்தால் உலாவி மறுபடியும் லாகின் கேட்டது. அந்தப் பெயரைச் சேவைக் கணக்கோடு இணைக்கும் எஸ்.பி.என். என்ற அடையாளம் அதில் பதிவாகவில்லை. தவிர, புள்ளிகள் உள்ள பெயரை உலாவி வெளியுலக இணையதளம் என்றே எடுத்துக்கொள்கிறது. எஸ்.பி.என்.ஐப் பதிவு செய்து, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே அமைப்பை அனுப்பும் குரூப் பாலிசி வழியாகத் தளத்தை உள் வலைப்பகுதியில் சேர்த்ததும் சரியானது.

பட்டியலில் சரியாக 1000 பேர் மட்டும் தெரிந்தார்கள். விடுபட்டவர்களில் பெரும்பாலோர் அண்மையில் சேர்ந்தவர்கள். ஆக்டிவ் டைரக்டரி ஒரு தேடலுக்கு இயல்பாக 1000 பதிவுகளுக்கு மேல் தருவதில்லை. மீதி வேண்டுமானால் பக்கம் பக்கமாகக் கேட்க வேண்டும். மென்பொருளில் அந்த அமைப்பு அணைந்திருந்தது. டொமைன் கன்ட்ரோலரில் அந்த வரம்பையே உயர்த்திவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஒரு மென்பொருளின் சோம்பலுக்காக எல்லோருக்குமான காவலைத் தளர்த்த வேண்டியதில்லை என்று கைவிட்டோம்.

படங்கள் இன்னொரு பக்கம். கைபேசியில் எடுத்த படம் பல எம்.பி. இருக்கும். டைரக்டரியின் படப் புலம் ஏற்கும் உச்சவரம்பு 100 கே.பி. ஏற்றும்போதே 96க்கு 96 புள்ளிகளாகச் சுருக்கும்படி மென்பொருளை அமைத்தோம். படம் ஒவ்வொன்றும் எல்லா டொமைன் கன்ட்ரோலர்களுக்கும் நகலாகும் என்பதால் சிறிதாக இருப்பதே நல்லது.

பெயர்களில்தான் நேரம் போனது. நம் பணியாளர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. டைரக்டரியிலோ அதற்கென ஒரு புலம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகக் கணக்கு திறந்தவர்கள் அங்கே தலைப்பெழுத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். மென்பொருள் குடும்பப் பெயர் வரிசையில் பட்டியலிட்டது. விளைவு, ஊழியர்கள் அத்தனை பேரும் அவரவர் தந்தை பெயரின் முதலெழுத்துப்படி வரிசையில் நின்றார்கள். ஆபரேட்டர் அம்மையார் திரையைப் பார்த்துவிட்டு, “சார், இதில் ஒருவரைக் கண்டுபிடிக்க அவருடைய அப்பா பெயர் எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே” என்றார். தேடலிலும் சிக்கல். டைரக்டரியின் பொதுவான பெயர்த் தேடல் சொல்லின் தொடக்கத்தை மட்டுமே பார்க்கும். ‘செந்தில்’ என்றால் செந்தில்குமார் வருவார். ‘குமார்’ என்று கேட்டால் வரமாட்டார். தொலைபேசியில் கேட்பவர்களோ பெரும்பாலும் ‘மெயின்டனன்ஸ் குமார்’ என்றுதான் கேட்கிறார்கள். வரிசையை இயற்பெயருக்கு மாற்றினோம். பெயரின் நடுவிலும் தேடும் வசதியைக் காட்சிப் பெயரில் மட்டும் இயக்கினோம். இந்த வகைத் தேடல் பெரிய டைரக்டரிகளில் மெதுவாக ஓடும். இந்த அளவுக்குத் தாங்கியது. தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயர்ப் புலத்திலிருந்து எடுக்கவில்லை, மின்னஞ்சலும் சம்பள மென்பொருளும் அதை நம்பியிருந்தன.

கைபேசி எண் என்ற ஓட்டை

சோதனையில் கிடைத்தவற்றுள் எடை மிகுந்தது இது. மென்பொருளின் குறையே அல்ல என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிறுவனத்தில் கடவுச்சொல்லை மறந்தவர்கள் அதைத் தாங்களே மாற்றிக்கொள்ள வேறொரு சிறு மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. டைரக்டரியின் கைபேசிப் புலத்தில் உள்ள எண்ணுக்கு அது ஓ.டி.பி. அனுப்பும். இப்போது அதே புலத்தைப் பணியாளரே திருத்தலாம் என்றால், பூட்டாமல் விட்டுப்போன கணினியில் அமரும் எவரும் அந்த எண்ணை மாற்றி, சற்று நேரத்தில் கடவுச்சொல்லையும் தன்வசப்படுத்தலாம். எங்கள் குழுவில் இளையவர் ஒருவர் சோதனைக் களத்தில் இதைச் செய்தே காட்டினார்.

தளத்தின் படிவத்திலிருந்து கைபேசிப் புலத்தை நீக்கிவிடலாம் என்பதே முதலில் எல்லோருக்கும் தோன்றியது. நீக்கினோம். அந்த இளைஞர் தளத்தைத் தொடாமல், சாதாரணப் பயனர் கணக்கில் பவர்ஷெல் கட்டளைத் திரையைத் திறந்து தன் எண்ணை மாற்றிக் காட்டினார். நிறுவிய மென்பொருளுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆக்டிவ் டைரக்டரி பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கும்போதே, அவருடைய ‘தனிப்பட்ட தகவல்’ தொகுப்பைத் திருத்தும் உரிமையை அவருக்கே கொடுத்துவிடுகிறது. தொலைபேசி, கைபேசி, முகவரி, அலுவலக அறை, படம் எல்லாம் அந்தத் தொகுப்பில் அடங்கும். துறை, பதவி, மேலாளர் ஆகியவை வேறு தொகுப்பு. அவற்றில் பயனருக்கு எழுதும் உரிமை கிடையாது. ஆக, கடவுச்சொல் மீட்பு மென்பொருளை நிறுவிய நாளிலிருந்தே இந்தக் கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது. நாங்கள் அதற்கு ஒரு கைப்பிடி மாட்டவிருந்தோம், அவ்வளவுதான்.

ஓ.யு. அளவில் ஒரு தடை விதித்து அடைக்கப் பார்த்தோம். பலிக்கவில்லை. மேலிருந்து இறங்கும் தடையைவிட, கணக்கின் மீதே நேரடியாக எழுதப்பட்ட அனுமதி முன்னுரிமை பெறும். பயனருக்குத் தரப்படும் இந்த உரிமை ஒவ்வொரு கணக்கின் மீதும் நேரடியாக எழுதப்படுவது. டைரக்டரியின் அடிப்படை வரையறையான ஸ்கீமாவில் இயல்பு உரிமையை மாற்றலாம். அது இனி உருவாகும் கணக்குகளுக்கு மட்டும் பொருந்தும். ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியே நீக்குவது முடியாத வேலையல்ல, ஆனால் கணக்கு திறக்கும் ஒவ்வொரு முறையும் யாராவது நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். அப்படி நினைவை நம்பிய எதுவும் இந்த நிறுவனத்தில் நிலைத்ததில்லை என்பதற்கு அந்த எக்செல் பட்டியலே சாட்சி.

டைரக்டரியில் இரகசியத் தன்மையுள்ள புதிய புலம் ஒன்றைச் சேர்ப்பதும் பேசப்பட்டது. ஸ்கீமாவில் சேர்த்ததை அழிக்க முடியாது, முடக்கிவைக்கத்தான் முடியும். ஒரு தொலைபேசி எண்ணுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று விட்டுவிட்டோம்.

இறுதியில் எடுத்த முடிவு, ஓ.டி.பி.க்கான எண்ணை டைரக்டரியிலிருந்தே வெளியேற்றுவது. கடவுச்சொல் மீட்பு மென்பொருள் தன் சொந்தத் தரவுத்தளத்தில் அதை வைத்துக்கொள்ளும். மாற்ற வேண்டுமென்றால் பணியாளர் அடையாள அட்டையோடு மனிதவளப் பிரிவுக்கு நேரில் வர வேண்டும். டைரக்டரியின் கைபேசிப் புலத்தில் இனி சி.யு.ஜி. எண் மட்டும். இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. அந்தப் புலத்தை டொமைனில் லாகின் உள்ள எவரும் படிக்க முடியும். தங்கள் சொந்த எண் ஆலை முழுவதும் தெரியும் நிலையில் இருப்பதைப் பெண் பணியாளர்கள் சிலர் முன்பே மனிதவளப் பிரிவில் முறையிட்டிருக்கிறார்கள். அது ஐ.டி. பிரிவுக்கு வந்து சேரவில்லை.

முன்னோட்டம்

உண்மை டொமைனில் கொள்முதல் பிரிவு, மனிதவளப் பிரிவு, ஓசூர் ஆலை அலுவலகம் ஆகிய மூன்றுக்கு மட்டும் முதலில் திறந்தோம். சோதனைக் களத்தில் தலைகாட்டாத இரண்டு சிக்கல்கள் இங்கே வந்தன.

சிலர் எதைச் சேமித்தாலும் ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. அவர்களில் கொள்முதல் பிரிவின் மேலாளர் ஒருவர்; பல ஆண்டுகளுக்கு முன் சர்வர் பொறுப்பில் இருந்தவர். இன்னொருவர் அலுவலக உதவியாளர். பிரின்டரில் சிக்கிய வேலைகளை நீக்க வசதியாக யாரோ எப்போதோ அவரைப் பிரின்ட் ஆபரேட்டர்ஸ் குழுவில் சேர்த்திருந்தார்கள். அந்தக் குழு ஆக்டிவ் டைரக்டரியின் பாதுகாக்கப்பட்ட குழுக்களில் ஒன்று. அதன் உறுப்பினர்களின் கணக்கு, ஓ.யு.விலிருந்து இறங்கும் உரிமைகளை ஏற்காது. எங்கள் ஆள் ஒருவர் உதவியாளரின் கணக்கிலேயே நேரடியாக உரிமை கொடுத்தார். வேலை செய்தது. சாப்பிட்டு வந்து பார்த்தால் உரிமை காணவில்லை. டொமைனில் 60 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் காவல் செயல்முறை பாதுகாக்கப்பட்ட கணக்குகளின் உரிமைகளைப் பழையபடி திருத்திவிடும். நாம் மாற்றியது அதற்கு அத்துமீறலாகவே தெரியும்.

மேலாளரின் கதை வேறு. அவர் அந்தக் குழுக்களில் இப்போது இல்லை. ஆனால் குழுவிலிருந்து நீங்கினாலும் கணக்கில் விழுந்த பாதுகாப்பு முத்திரை தானாக நீங்குவதில்லை. உரிமை இறங்கும் வழியும் அடைபட்டே இருக்கும். உதவியாளரைக் குழுவிலிருந்து எடுத்தோம், அந்த பிரின்டருக்கு மட்டும் தனி உரிமை கொடுத்தோம். முத்திரை பதிந்த கணக்குகள் அனைத்தையும் தேடி எடுத்து, தேவையற்றவற்றில் அதை நீக்கி வழியைத் திறந்தோம். உண்மையான நிர்வாகக் கணக்குகளைத் தொடவில்லை. அவை இந்தத் தளத்தில் திருத்தப்படாமல் இருப்பதே முறை.

இரண்டாவது சிக்கல் ஓசூரிலிருந்து. “சார், காலையில் மாற்றிவிட்டேன் என்கிறார்கள், எனக்கு மதியம்வரை பழைய எண்தான் தெரிகிறது” என்று ஆபரேட்டர் அம்மையார் அழைத்தார். ஓசூரில் சேமித்தவர்கள் சிலர் பழைய எண்ணையே பார்த்து, சேமிக்கவில்லை போலும் என்று மீண்டும் மீண்டும் அழுத்தியிருந்தார்கள். சைட்களுக்கிடையே நகலாகும் இடைவெளி இயல்பாக 180 நிமிடம். மென்பொருள் எழுதும்போது ஒரு டொமைன் கன்ட்ரோலரையும், படிக்கும்போது கையில் கிடைத்த இன்னொன்றையும் பயன்படுத்தியது. சோதனைக் களத்தில் இரண்டு சைட்கள் இருந்தும் இது தெரியாமல் போனதற்குக் காரணம், அவசரத்தில் ஒவ்வொரு முறையும் நகலாக்கத்தைக் கையால் தூண்டிக்கொண்டிருந்தோம். மென்பொருள் கோவை கன்ட்ரோலரிடமே எழுதவும் படிக்கவும் வேண்டும் என்று கட்டினோம். அது நின்றால் தளமும் நிற்கும். விவரப் பட்டியல் ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் ஆலை நிற்காது என்று தொழிற்சாலை மேலாளர் அதை ஏற்றார். சைட்களுக்கிடையிலான இடைவெளியையும் 15 நிமிடத்துக்குக் குறைத்தோம்.

ஒப்புதல் வரிசையின் சரிவு

துறை, பதவி, இடம் ஆகியவற்றைப் பணியாளர் கோருவார், மேலாளர் ஒப்புவார் என்பது திட்டம். விண்ணப்பங்கள் குவிந்தன, ஒப்புதல்கள் வரவில்லை. மென்பொருள் டைரக்டரியின் மேலாளர் புலத்தைப் பார்த்து அனுப்பியது. அந்தப் புலத்தில் பலருக்கு ஓய்வு பெற்றவர்களின் பெயர் இருந்தது. கணக்கு முடக்கப்பட்ட ஒருவரின் பெட்டியில் கொள்முதல் பிரிவில் பாதியின் விண்ணப்பங்கள் காத்துக்கிடந்தன.

இங்கே ஐ.டி. பிரிவும் மனிதவளப் பிரிவும் சற்று உரசிக்கொண்டன. மேலாளர் புலத்தைச் சரிசெய்ய வேண்டியது ஐ.டி. என்றது ஒரு பக்கம். யார் யாருக்குக் கீழ் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றது மறுபக்கம். இரண்டுமே நியாயம். சம்பள மென்பொருளில் இந்த விவரம் சரியாக இருந்தது, ஏனென்றால் அங்கே தவறினால் விடுப்பு ஒப்புதல் நின்றுவிடும். துறையும் பதவியும் மேலாளரும் இனிச் சம்பள மென்பொருளிலிருந்து இரவுதோறும் டைரக்டரிக்கு வரும், சுயசேவையில் அவை பார்வைக்கு மட்டும் என்று முடிவெடுத்தோம். ஒப்புதல் வசதி முழுவதையும் அணைத்தோம். விற்பனையாளர் தம் மென்பொருளின் சிறப்பு என்று காட்டியது அதைத்தான். பணியாளர் திருத்துவதற்கு மிஞ்சியவை மேசைத் தொலைபேசி, சி.யு.ஜி. எண், இருக்கை, படம் ஆகிய நான்கே.

பின்விளைவு

தளம் எல்லோருக்கும் திறந்தபின் கைபேசி எண்கள் வேகமாகச் சீரடைந்தன. அதற்கு மென்பொருளைவிட ஒரு சிறு நடைமுறை உதவியது. சி.யு.ஜி. சிம்மைத் திருப்பித் தருபவரின் புலத்தை ஸ்டோர்ஸ் பிரிவே அழித்துவிடும். அது வரை ரசீது கிடைக்காது. வாயிற்காவலர் அறையின் அச்சுப் பட்டியல் இப்போது டைரக்டரியிலிருந்து வாரம் ஒருமுறை எடுக்கப்படுகிறது. மேலே அச்சிட்ட தேதி பெரிதாக இருக்கும்.

எக்செல் கோப்பு மறையவில்லை. இயந்திரத் தளத்தில் வேலை செய்பவர்களுக்கும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் கணினி லாகின் கிடையாது, ஆகவே அவர்கள் டைரக்டரியில் இல்லை. இரவில் தேவைப்படும் எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் அவர்களில் ஒருவர். அந்தப் பக்கத்தை ஆபரேட்டர் அம்மையாரே இன்றும் பராமரிக்கிறார்.

மறுமுறை செய்வதானால்

புத்தம் புதிய டொமைனில் சோதிப்பதற்குப் பதிலாக, உண்மை டொமைனின் பேக்கப்பைத் துண்டித்த நெட்வொர்க்கில் மீட்டு, எண்களை அங்கேயே மறைத்துவிட்டுச் சோதிப்போம். பாதுகாப்பு முத்திரை பதிந்த கணக்குகள், ஓய்வு பெற்ற மேலாளர்கள் எல்லாம் பல ஆண்டுகளில் படிந்தவை. புதிய டொமைனில் அவை தோன்ற வழியே இல்லை. நகலாக்கத்தைக் கையால் தூண்டாமல், ஒரு முழு நாள் தன் போக்கில் விட்டுப் பார்ப்போம்.

மென்பொருளை வாங்கும் முன்பே ஒவ்வொரு புலத்துக்கும் எதிரே மூன்று விவரங்களை எழுதி மனிதவளப் பிரிவிடம் கையெழுத்து வாங்குவோம்: அதன் உண்மை எங்கே இருக்கிறது, யார் மாற்றலாம், வேறு எந்த மென்பொருள் அதைப் படிக்கிறது. மூன்றாவதைக் கேட்டிருந்தால் கைபேசிப் புலத்தின் சிக்கல் நிறுவலுக்கு முன்பே வெளிப்பட்டிருக்கும். ஒப்புதல் வசதிக்காகக் கூடுதல் உரிமத் தொகையும் கட்டியிருக்க வேண்டாம்.

லாகின் இல்லாத பணியாளர்களை டைரக்டரியில் வெறும் தொடர்புப் பதிவுகளாகச் சேர்ப்பது குறித்து இன்னும் முடிவாகவில்லை. சேர்த்தால் அச்சுப் பட்டியல் ஒன்றாகிவிடும். ஒப்பந்தப் பணியாளர்கள் மாறும்போது அந்தப் பதிவுகளை யார் அழிப்பது என்ற கேள்விக்கு ஒப்பந்ததாரர்களிடமிருந்து பதில் வரவேண்டியிருக்கிறது.